பல வீட்டு அரிசி

எங்கள் வீட்டிலிருந்து முதலில் வெளியே போனது சாப்பாட்டு மேஜை. ஒரு சனிக்கிழமை காலை, பழைய சாமான் வாங்குகிறவரின் குட்டியானை வண்டி சூரமங்கலத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றது. மேஜை கதவு வழியாகப் போகவில்லை. கால்களைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். என் மனைவி அமலா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் ரெஜினா வாசலில் நின்றாள். ஒரு கால் வண்டியிலிருந்து உருண்டு தெருவில் விழுந்தபோது அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அப்போது தெருமுனை டீக்கடையில் யார் இருந்தார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தச் சாட்சி வேறு மாதிரி இருந்திருக்கும்.

அன்புள்ள சகோதர சகோதரிகளே, நான் பிறந்ததே கத்தோலிக்கக் குடும்பத்தில்தான். நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், வீட்டில் ஒரு பழைய பத்திரம் இருப்பது மாதிரி இருந்தது. பெட்டியில் இருக்கிறது என்று தெரியும், எடுத்துப் படித்ததில்லை. ஒரு தமிழ் நாளிதழின் சேலம் அலுவலகத்தில் வெகுகாலம் உதவி ஆசிரியராக இருந்தேன். நிருபர்கள் அனுப்பும் செய்தியைச் சுருக்குவதும், தலைப்பு வைப்பதும் என் வேலை. ‘கண்ணீர் மல்க’ என்று எழுதி வந்தால் முதல் வேலையாக அதை அடிப்பேன். அந்தப் பழக்கம் கோயிலுக்கும் கூடவே வந்தது. ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நின்றுகொண்டு, சாமியாரின் பிரசங்கத்தில் எந்தப் பத்தியை வெட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அலுவலகத்தில் ஆட்களைக் குறைத்தபோது நானும் வெளியே வந்தேன். கைக்கு வந்த தொகையோடு, ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் வாடகைக்கு இடம் பிடித்து ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை போட்டேன். பணம் போதவில்லை. அமலாவின் அண்ணன் சூசைராஜ் தம்மம்பட்டிப் பக்கம் மரவள்ளி போடுகிறவர். கிழங்கு விற்ற பணத்தையும், வீட்டு நகையை அடகு வைத்த பணத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். எழுதி வாங்கவில்லை. “மாப்ள எழுத்து வேலைதானே பாக்குறாரு, அவர்கிட்ட போயி எழுதி வாங்குறதா” என்று சிரித்தார்.

கடை ஓட ஆரம்பித்த நேரத்தில் கொரோனா வந்தது. கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை, கட்சிக் கூட்டம் இல்லை. ஃப்ளெக்ஸ் யாருக்கு வேண்டும்? ஊரடங்கு எடுத்த பிறகும் பழைய வியாபாரம் திரும்பவில்லை. தவணை கட்டாததால் ஃபைனான்ஸ்காரர்கள் அச்சு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். கடையைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். யார் கேட்டாலும் “கொஞ்சம் டல்லா இருக்கு” என்று மட்டும் சொல்வேன். மச்சானின் போன் வந்தால் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அவரே வந்துவிட்டார். தோளில் ஒரு மூட்டைக் கிழங்கு. அமலா முகம் மலர்ந்து தட்டு வைத்தாள். இருந்த அரிசியில் அண்ணனுக்கு வடித்தாள். அவர் மேஜையில் உட்கார்ந்து, தட்டைத் தொடாமல் என்னைப் பார்த்தார்.

“மாப்ள, நான் பணத்துக்கு வரல. லில்லிக்கு ஒரு எடம் கூடி வருது. உங்க நெலம என்னன்னு உங்க வாயால ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, அதுக்குத் தக்க மாதிரி நான் வேற ஏற்பாடு பாத்துக்குவேன்.”

லில்லி அவருடைய ஒரே மகள். அமலா தூக்கி வளர்த்த பிள்ளை. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘கடை போய்விட்டது மச்சான்’ என்பது சின்ன வாக்கியம்தான். எனக்கு வந்தது வேறு.

“பணத்துக்கு வரலன்னா நெலமைய எதுக்கு விசாரிக்கிறீங்க? பயப்படாதீங்க மச்சான், வட்டியோட வந்து சேரும்.”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். அமலா பின்னாலேயே ஓடினாள்.

“வட்டி வாங்குறவனுக்கு எதுக்கும்மா சோறு” என்றார். கிழங்கு மூட்டை மட்டும் எங்கள் வீட்டில் கிடந்தது.

அன்று முழுக்க அந்தத் தட்டை அமலா எடுக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. “எங்கண்ணன் சாப்பிடாம போயிருச்சு” என்று ஒரு தடவை சொன்னாள். அதன் பிறகு அந்த வீட்டில் எது நடந்தாலும் எனக்கு அந்த வாக்கியம்தான் கேட்டது. எங்கள் உறவில், கூடப் பிறந்தவள் வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போவது சாதாரணக் கோபம் இல்லை. அந்த வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று அர்த்தம்.

சில வாரங்கள் கழித்துத்தான் மேஜையை விற்றோம். அதே மேஜைதான்.

மேஜை போன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, லில்லியின் கல்யாண அழைப்பிதழ் வந்தது. அமலாவின் போனுக்கு, வாட்ஸ்அப்பில். ஒரு படம், அதன் கீழே கும்பிடும் கை. அவ்வளவுதான். தட்டில் பூவும் பழமும் வைத்து அண்ணனும் அண்ணியும் நேரில் வந்து அழைக்க வேண்டிய வீடு எங்கள் வீடு. அத்தை இல்லாமல் அங்கே கல்யாணப் பேச்சே நடக்காது. அமலா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். உறவினர் பெயர்களில் எங்கள் பெயர்கள் சரியாக அச்சாகியிருந்தன. “பேரு போட்டிருக்காங்க” என்றாள். “ஊருக்காகப் போட்டிருப்பாங்க” என்றேன் நான். 

எங்கள் பங்கின், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்களின், வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். பக்கத்துப் பக்கத்து வீடுகள் இருபதுக்கு மேல் சேர்ந்தது எங்கள் அன்பியம். மாதம் ஒரு வீட்டில், முறை வைத்துக் கூடி செபிப்போம். ஒவ்வொரு வீட்டிலும் பிடியரிசி டப்பா உண்டு. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை அதில் போட வேண்டும். மாதக் கடைசியில் எல்லா டப்பாவும் ஒரு பையில் கொட்டப்படும். அந்தப் பை கஷ்டத்தில் இருக்கிற ஒரு வீட்டுக்குப் போகும். எந்த வீடு என்று கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. அது அன்பியத் தலைவி ஸ்டெல்லாக்காவுக்கு மட்டும் தெரியும். அவர் திருச்செங்கோட்டுக்காரர்.

எங்கள் வீட்டு முறை வந்தபோது ஸ்டெல்லாக்கா வாசலில் நின்று கேட்டார். “ஏனுங்க சார், இந்த மாசம் உங்க ஊட்ல வெச்சுக்கலாங்களா?”

“அமலாவுக்கு உடம்பு சரியில்ல” என்றேன். அடுத்த மாதம் அவர் மறுபடி கேட்டபோது “ரெஜினாவுக்குப் பரீட்சை” என்றேன். மேஜை இல்லாத கூடத்தை யாரும் பார்க்கக் கூடாது என்பதுதான் காரணம். பூசைக்குப் போவதையும் நிறுத்தினேன். கோயிலுக்குப் போனால் ஆட்களைப் பார்க்க வேண்டியிருக்குமே.

அமலா மட்டும் டப்பாவை நிறுத்தவில்லை. நாங்களே ரேஷன் அரிசியை அளந்து போட்ட நாட்களிலும் ஒரு பிடி அதற்குள் போனது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். “நமக்கே பத்தல. இது எதுக்கு?”

“போட்டதுக்கப்புறம் அது நம்மளுது இல்லீங்க.”

“அப்புறம் யாருது?”

“எனக்கென்ன தெரியும்? யார் வீட்டுக்குப் போவுதோ அவங்களுது.” கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். படித்தவன் கேட்கிற கேள்வி அவளுக்கு அவசியமாகத் தெரியவில்லை.

லில்லியின் கல்யாண நாள் வந்தது. அமலா விடிந்ததும் குளித்துவிட்டுப் பட்டுப்புடவையைக் கட்டினாள்.  கட்டிய புடவையோடு அடுப்பைப் பற்றவைத்தாள், பிடியரிசி போட்டாள், ரெஜினாவுக்குத் தலை பின்னினாள். தம்மம்பட்டிக் கோயிலில் மணி அடித்திருக்கும் நேரம் ஆனதும் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். மடித்துப் பீரோவில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. நடந்து கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். ஒரு அம்மா பெஞ்சுகளுக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தார். “காலைத் தூக்கு சாமி” என்றார். தூக்கினேன். பிறகு முழங்காலில் நின்றேன். கடன் தீர வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். வாய் வரவில்லை. வேலை வேண்டும் என்று கேட்கவும் வரவில்லை. கடைசியில் ஒரே வரியில் கேட்டேன்: ஆண்டவரே, மச்சான் ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும்.

அவ்வளவுதான் என் செபம். அதில் வெட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் உண்மையாகக் கேட்ட முதல் விண்ணப்பம் அது. எழுந்து வந்தபோது மனம் லேசாகவும் இல்லை. கூட்டிக்கொண்டிருந்த அம்மா கதவைச் சாத்தினார். நான் வீட்டுக்கு வந்தேன்.

தவக்காலம் தொடங்கியது. ஒரு ஞாயிறு, அமலாவும் ரெஜினாவும் பூசைக்குப் போயிருந்தார்கள். நான் கேட்டைத் திறந்தேன். கொக்கியில் ஒரு மஞ்சள் துணிப்பை தொங்கியது. பிரித்தேன். அரிசி. கையில் அள்ளினேன். புழுங்கல், பச்சை, பொன்னி, ரேஷன் அரிசி என்று எல்லாம் ஒரே பிடியில் இருந்தன. கடையில் யாரும் அப்படி அரிசி விற்பதில்லை. என்னவென்று எனக்கு உடனே புரிந்தது. காது சுட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டெல்லாக்கா வீட்டுக்குப் போனேன்.

அவர் அப்போதுதான் பூசையிலிருந்து திரும்பிப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

“இது தப்பா எங்க வீட்டுக்கு வந்திருச்சுக்கா.”

“எதுங்க சார்? எனக்கென்னங்க தெரியும்?” என்று பையை ஒரு பார்வை பார்த்தார். “அரிசிய தூக்கிட்டு இப்படி ரோட்ல திரியாதீங்க. ரேஷன் கடத்தறீங்கன்னு புடிச்சுட்டுப் போயிருவாங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “வேண்டாங்க்கா. எங்களவிட கஷ்டப்படுறவங்க இருப்பாங்க.”

அவர் சாவியைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். “இதுல உங்க ஊட்டு அரிசியும் கெடக்குதுங்க. அமலா டப்பா ஒரு மாசங்கூட வராம இருந்ததில்ல. உங்க ஊட்டு அரிசிய இத்தன நாளா நாங்க வாங்கிக் கொட்டுனோமுல்லீங்களா? எங்க ஊட்டு அரிசி மட்டும் உங்களுக்கு ஆகாதுங்களா?”

 “அந்தப் பைய மறக்காம திருப்பிக் குடுத்துருங்க, மகளிர் குழுப் பை” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். நான் அரிசியோடு திரும்பி நடந்தேன்.

பல ரக அரிசி ஒன்றாக வேகாது. இது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பச்சரிசி குழைந்து போகும்போது புழுங்கல் விரைப்பாகவே நிற்கும். அமலா எவ்வளவு பார்த்து வடித்தும் பாதி கஞ்சியாகவும் பாதி பருக்கையாகவும் வந்தது. மூன்று பேரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரெஜினா ஒரு வாய் மென்றுவிட்டு, “அப்பா, இந்தப் பக்கம் இருக்கிறது ஸ்டெல்லா ஆன்ட்டி வீடு, கடிக்க முடியல” என்றாள். அமலா சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை.  இந்த ஒரு இடத்தில், நான் மற்றவர்களுக்கு அடித்த சொல்லை எனக்கு நானே அனுமதித்துக்கொள்கிறேன். கண்ணீர் வந்தது.

மறுநாள் பையைத் திருப்பிக் கொடுக்கும்போது, “இந்த மாசம் எங்க வீட்ல வெச்சுக்கலாங்க்கா” என்றேன்.

எல்லோரும் வந்தார்கள். அவரவர் வீட்டுப் பாயை அவரவர் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். நான் சொல்லவில்லை. ஸ்டெல்லாக்கா சொல்லியிருப்பார். மேஜை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நற்செய்தி வாசித்து முடித்து, மன்றாட்டுச் சொல்லும் நேரம் வந்தது. வழக்கமாக உலக சமாதானத்துக்காகச் சொல்வேன். அன்று, “எங்க வீட்ல வருமானம் இல்ல. மச்சானுக்குக் கொடுக்க வேண்டியது இருக்கு. அவர் மனசு நோகப் பேசிட்டேன். அவருக்காகவும் எங்களுக்காகவும் வேண்டிக்கங்க” என்றேன். சொல்லி முடித்ததும் கூரை இடிந்து விழவில்லை. எல்லோரும் சேர்ந்து, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். அமலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சுண்டல் சாப்பிடும்போது, ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய மருமகன் நாமக்கல்லில் கோழித்தீவனக் கம்பெனியில் இருக்கிறாராம். பண்ணைக்காரர்களுக்கு மாதம் ஒரு சிறு இதழ் போடுகிறார்களாம், தமிழ் ஒழுங்காக எழுத ஆள் இல்லையாம். “நீங்க சும்மாதான இருக்கீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேனே” என்றார். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறவர். இன்று அந்த இதழில் முட்டை விலையும் குஞ்சுகளுக்கு வரும் நோயும் பற்றி எழுதுகிறேன். பழைய சம்பளம் இல்லை. ஆனால் மாதம் தவறுவதில்லை.

முதல் சம்பளம் வாங்கியதும் தம்மம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். மச்சான் மரவள்ளிக் காட்டில் இருந்தார். ஆட்கள் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டிராக்டர் நிழலில் நின்றார். பஸ்ஸில் தயார்செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“மச்சான், கடை போயிருச்சு. மொத்தமா தர எங்கிட்ட இல்ல. மாசா மாசம் கொஞ்சம் தர்றேன். அன்னைக்கு வட்டின்னு சொன்னது தப்பு.”

அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். “இத அன்னைக்கே சொல்லியிருந்தா உங்களுக்குப் பஸ் காசு மிச்சம்.”

“கல்யாணத்துக்கு அமலாவையாவது அனுப்பியிருக்கணும். நீங்க போன்ல அனுப்பினதப் பாத்து, ஒறவே வேண்டாம்னு சொல்றீங்கன்னு நெனச்சிட்டோம்.”

 அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “தட்டு, பூ, பழம் எல்லாம் எடுத்துக்கிட்டு நானும் லில்லி அம்மாவும் சூரமங்கலத்துக்கு வந்தோம், மாப்ள. தெருமுனை டீக்கடை வரைக்கும் வந்துட்டோம். பாத்தா, உங்க வீட்டு மேஜைய கால கழட்டி வண்டியில ஏத்துறாங்க. ரெஜினா ஒரு கால எடுத்துக் குடுத்துச்சு. அந்த நேரத்துல வந்து பத்திரிகைய நீட்டுனா என்ன ஆவும்? அண்ணன் மகளுக்குச் சீர் செய்யாம அமலா வருவாளா? எங்கயாவது கடன வாங்கி மோதிரம் எடுப்பீங்க. அதான் திரும்பிட்டோம். மொறையா கூப்பிடலன்னு எம்மேல கோவிச்சுக்கிட்டு வராம இருந்தா இருக்கட்டும்னு போன்ல அனுப்பினேன்.”

அவர் குனிந்து ஒரு கிழங்கை எடுத்து டிராக்டரில் போட்டார்.

“பழத்த பஸ்ஸுல பக்கத்துல இருந்தவங்களுக்குக் குடுத்துட்டோம்” என்றார்.

ஒரு செய்தி வந்தால் இன்னொரு தடவை கேட்டுச் சரிபார் என்று எத்தனை நிருபர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்கு வந்த செய்தியை ஒரு போன் போட்டு நான் சரிபார்க்கவில்லை. அவரும் போன் போடவில்லை. அவர் எங்களைக் காப்பாற்ற நினைத்துப் பேசாமல் இருந்தார். நான் என்னைக் காப்பாற்ற நினைத்துப் பேசாமல் இருந்தேன். நடுவில் அமலா பட்டுப்புடவையைக் கட்டி, அவிழ்த்து, மடித்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. “வாசல் வரைக்கும் வந்துச்சா எங்கண்ணன்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அண்ணியுமா?” என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன்.

கோடை முடிவதற்குள் ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் மச்சான் வந்தார். தோளில் கிழங்கு மூட்டை. எங்களுக்குப் பிடியரிசிப் பை வந்துகொண்டிருந்த கடைசி மாதம் அது. அடுத்த மாதத்திலிருந்து வேண்டாம் என்று நானே ஸ்டெல்லாக்காவிடம் சொல்லியிருந்தேன். அமலா கலவரப்பட்டாள். ஓடிப்போய் நல்ல அரிசி வாங்கி வரச் சொல்லி ரெஜினாவிடம் கண்ணைக் காட்டினாள்.

“எங்க அனுப்புற புள்ளய?” என்றார் மச்சான். “வடிச்சிருக்கல்ல, அதப் போடு.” கூடத்தில் மேஜை இருந்த இடத்தில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அமலா தட்டு வைத்தாள். அவர் கை கழுவி, சிலுவை அடையாளம் போட்டு, பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

“என்ன அமலா, ஒரு பக்கம் கொழஞ்சிருக்கு, ஒரு பக்கம் வேகல? சமையலே மறந்து போச்சா?”

“அது இருபது வீட்டு அரிசிண்ணா” என்றாள் அமலா. பிடியரிசி அவர்கள் ஊரிலும் உண்டு. அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சோற்றைக் குழம்பு விட்டுப் பிசைந்தார். முழுக்கச் சாப்பிட்டார். பிறகு தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, “இன்னும் கொஞ்சம் போடு” என்றார்.

நான் கேட்டது அதுதான். கேட்டதற்கு மேல் ஒரு கரண்டி கிடைத்தது.

இதை எழுதும்போது நன்றியோடு வருத்தமும் சேர்ந்தே வருகிறது. கடன் இன்னும் முழுக்கத் தீரவில்லை, தீர்ந்துகொண்டிருக்கிறது. லில்லியின் கல்யாண ஆல்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மணமக்களுக்குப் பக்கத்தில் அத்தை நிற்க வேண்டிய படத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள். அந்த நாளை யாரும் எங்களுக்குத் திருப்பித் தர முடியாது. கோயிலில் முழங்காலில் நின்று நான் கேட்டதற்குப் பல நாள் முன்பே பதில் பழத்தட்டோடு எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து நின்றிருக்கிறது. ஆண்டவர் தாமதிக்கவில்லை. நான்தான் கதவைச் சாத்தி வைத்திருந்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது அப்படி ஒரு கதவுக்குப் பின்னால் இருக்கலாம். போன் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டு முறை வரும்போது வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இருக்கிற நிலைமையை இருக்கிறபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். உங்களுக்கான உதவியை அவர் ஏற்கெனவே அனுப்பியிருப்பார் என்று நம்புங்கள். எழுந்து போய்க் கதவைத் திறந்து பாருங்கள்.

வரும் மாதம் மறுபடியும் எங்கள் வீட்டு முறை. மேஜை இன்னும் வாங்கவில்லை. பாய் இருக்கிறது.